ஏழை நாடுகளின் ஏற்றுமதி வளர எதை முதலில் செய்வது? வரிச்சலுகை, பிறப்பிட விதி, எல்லைச் சீர்திருத்தம், தரச் சோதனை: ஓர் ஒப்பீடு

'வளர்ச்சி குன்றிய நாடுகள்' என்ற பட்டியலை ஐ.நா. 1971-இல் தொடங்கியபோது அதில் 25 நாடுகள் இருந்தன. பூட்டானும் சாவோ டோமே பிரின்சிபேயும் தகுதி உயர்ந்து அண்மையில் வெளியேறிய பிறகு இப்போது 44 நாடுகள் இருக்கின்றன. இவை அனைத்தும் சேர்ந்தும் உலகச் சரக்கு ஏற்றுமதியில் ஏறத்தாழ 1 சதவீதத்தைத்தான் பிடிக்கின்றன. அந்தப் பங்கை 2020-க்குள் இரட்டிப்பாக்குவது என்று 2011-இல் இஸ்தான்புல் மாநாட்டில் முடிவானது. அது நடக்கவில்லை.

இந்த நாடுகளுக்கான திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, கனடா, ஜப்பான், இந்தியா, சீனா என எல்லோரிடமும் ஒரு சலுகைத் திட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டின் சரக்கு எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது என்று பார்த்து அதற்கேற்ற உதவியைத் தேர்ந்தெடுப்பது மிக அரிதாகவே நடக்கிறது. ஒரு வர்த்தக அமைச்சகத்திலோ உதவி நிறுவனத்திலோ இருப்பது குறைந்த பணமும், பேச்சுவார்த்தைக்கு அனுப்பக்கூடிய சில அதிகாரிகளும்தான். அவற்றை எங்கே போட்டால் பலன் அதிகம் என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. ஒவ்வொரு வழியையும் மூன்று விதத்தில் சோதிக்கலாம்: சரக்கின் விலையில் எவ்வளவு மிச்சமாகும்? அங்குள்ள தொழிலால் அதைப் பயன்படுத்த முடியுமா? அதைப் பறிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? மூன்றாவதைப் பலரும் கேட்பதில்லை. எங்கள் பார்வையில் அதுதான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது.

வரிச்சலுகை: முதலில் வரி இருக்கிறதா என்று பாருங்கள்

ஜாம்பியாவின் செம்பு, கினியாவின் பாக்சைட், அங்கோலாவின் கச்சா எண்ணெய் ஆகியவற்றுக்கு ஐரோப்பாவில் சாதாரண இறக்குமதி வரியே பூஜ்யம். எத்தியோப்பியாவின் வறுக்காத காபிக்கும் அப்படியே. பூஜ்ய வரிக்கு மேல் எந்தச் சலுகையும் கொடுக்க முடியாது. இந்தச் சரக்குகளை மட்டுமே நம்பியுள்ள நாட்டின் அதிகாரிகள் வரிச்சலுகைக்காக உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசுவது வீண்வேலை.

காபியை வறுத்து அனுப்பினால் கணக்கு மாறுகிறது. அதற்கு ஐரோப்பாவில் 7.5 சதவீத வரி. ஆடைக்கு இன்னும் அதிகம்: பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஐரோப்பாவில் 12 சதவீதம், அமெரிக்காவின் சாதாரண வரி 16.5 சதவீதம், செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் 32 சதவீதம். சில காசு விலை வித்தியாசத்துக்காக ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றும் தொழிலில் 12 சதவீதம் என்பது தொழிற்சாலை வாழ்வதா சாவதா என்ற அளவு. வங்கதேசம், கம்போடியா, லெசோத்தோ, மடகாஸ்கர், ஹைட்டி ஆகியவற்றின் ஆடைத் தொழில் வளர்ந்ததில் இந்த இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு. வரிச்சலுகையே பயனற்றது என்று பேசுபவர்கள் இதைப் பார்க்க மறுக்கிறார்கள்.

எனவே முதல் வேலை ஒரு பட்டியல். நாட்டின் முதல் 20 ஏற்றுமதிப் பொருள்களை ஆறு இலக்க எச்.எஸ். குறியீட்டில் (சரக்குகளை வகைப்படுத்த எல்லா நாட்டுச் சுங்கமும் பயன்படுத்தும் எண்) எழுதி, வாங்கும் ஒவ்வொரு நாட்டிலும் சாதாரண வரி எவ்வளவு, சலுகை வரி எவ்வளவு என்று எதிரெதிரே நிரப்ப வேண்டும். வித்தியாசம் 2, 3 சதவீதம் மட்டுமே என்றால் அந்தப் பொருளுக்கான சலுகையை மறந்துவிடலாம். சான்றிதழ் வாங்குவது, கணக்கு வைப்பது, சரிபார்ப்புக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து அந்த அளவுக்குச் செலவு வைத்துவிடும். பல ஏற்றுமதியாளர்கள் சலுகை இருந்தும் முழு வரியைக் கட்டிவிட்டுப் போவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, சலுகை எந்தப் பொருளுக்குத் தரப்படுகிறது என்பது. 2005-இல் உலக வர்த்தக அமைப்பின் ஹாங்காங் மாநாட்டில், வளர்ந்த நாடுகள் தங்கள் வரிப் பட்டியலின் குறைந்தது 97 சதவீத இனங்களுக்கு வரியும் ஒதுக்கீட்டு வரம்பும் இல்லாத நுழைவு தர வேண்டும் என்று முடிவானது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 10,000 இனங்கள் உள்ள பட்டியலில் மீதி 3 சதவீதம் என்பது 300 இனங்கள். ஒரு ஏழை நாட்டின் ஆடை ஏற்றுமதி முழுவதும் சில டஜன் இனங்களுக்குள் அடங்கிவிடும். 97 சதவீதத்தைத் திறந்துகொண்டே அந்த நாட்டுக்குத் தேவையான அத்தனையையும் மூடிவைக்க முடியும். அமெரிக்கா 2016-இல் நேபாளத்துக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்தது. அதில் கம்பளம், சால்வை, பை போன்றவை இருந்தன. பெரிய அளவில் தைத்து விற்கக்கூடிய சாதாரண பருத்தி ஆடைகள் இல்லை. அது சொற்பமாகவே பயன்பட்டதில் வியப்பில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் வரிச்சலுகை மிகப் பலவீனமாக நிற்கிறது. இது ஒப்பந்தமன்று, கொடுப்பவர் விருப்பம். 2009-இல் ஆட்சிக்கவிழ்ப்பு நடந்ததால் மடகாஸ்கர் அடுத்த ஆண்டு முதல் அமெரிக்காவின் ஆப்பிரிக்கச் சலுகைத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டு 2014-இல்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. பழைய துணி இறக்குமதிக்கு வரியை உயர்த்தியதால் ருவாண்டாவின் ஆடைச் சலுகை 2018-இல் நிறுத்தப்பட்டது. எத்தியோப்பியா 2022 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஆகஸ்டில் கம்போடியாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குச் சலுகையைத் திரும்பப் பெற்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது, சில நியாயமானவையும்கூட. ஆனால் வேலை இழந்தவர்கள் அந்த முடிவுகளை எடுத்த ஆட்சியாளர்கள் அல்லர், தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த பெண்கள்.

நீக்கம்கூட வேண்டாம், ஐயமே போதும். அமெரிக்காவின் அந்த ஆப்பிரிக்கத் திட்டத்தில் வெளிநாட்டுத் துணியைப் பயன்படுத்த அனுமதிக்கும் பிரிவு 2012 செப்டம்பரில் காலாவதி ஆக இருந்தது. ஆகஸ்டில் நீட்டித்தார்கள். வாங்குபவர்கள் ஆறேழு மாதம் முன்னதாக ஆர்டர் கொடுப்பவர்கள். நீட்டிப்பு வருவதற்கு முன்பே லெசோத்தோவிலும் சுவாசிலாந்திலும் ஆர்டர் குறைந்துவிட்டது. அந்தத் திட்டமே 2025 செப்டம்பர் 30 அன்று காலக்கெடு முடிந்து நின்றது; 2026 பிப்ரவரியில்தான், அதுவும் அந்த ஆண்டு இறுதிவரை மட்டும், நீட்டிக்கப்பட்டது. ஐரோப்பாவின் 'ஆயுதம் தவிர அனைத்தும்' திட்டம் 2001 முதல் காலவரம்பு இன்றி இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டி வந்தால், வரி மிச்சம் சற்றுக் குறைவாக இருந்தாலும் காலவரம்பு இல்லாத சலுகையை நம்பித்தான் புதிய தொழிற்சாலை கட்ட வேண்டும்.

பிறப்பிட விதி: மலிவான, மறக்கப்பட்ட வழி

சலுகை வரி வேண்டுமென்றால் பொருள் அந்த நாட்டில்தான் 'பிறந்தது' என்று காட்ட வேண்டும். எந்த அளவு வேலை அங்கே நடந்தால் போதும் என்று சொல்வது பிறப்பிட விதி. இதை மாற்ற ஆலை கட்ட வேண்டாம், சாலை போட வேண்டாம். சலுகை தரும் நாடு தன் சட்டத்தில் சில வாக்கியங்களைத் திருத்தினால் போதும். அதனால் கிடைக்கும் பலன் மற்ற எதையும்விட வேகமானது.

ஐரோப்பிய ஒன்றியம் 2010 வரை ஆடைக்கு இரண்டு கட்ட மாற்றத்தைக் கேட்டது. நூலிலிருந்து துணி, துணியிலிருந்து ஆடை இரண்டும் சலுகை பெறும் நாட்டிலேயே நடக்க வேண்டும். நெசவாலை இல்லாத கம்போடியா போன்ற நாட்டுக்குப் பூஜ்ய வரி காகிதத்தில் மட்டும் இருந்தது. 2011 ஜனவரி முதல் வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கு ஒரே கட்டம் போதும் என்று மாற்றினார்கள். எங்கிருந்து வந்த துணியாக இருந்தாலும் வெட்டித் தைத்தால் போதும். கம்போடியாவின் ஆடை ஏற்றுமதி ஐரோப்பாவுக்குப் பாய்ந்தது. வரி விகிதம் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கனடா இதையொத்த தளர்வை 2003-லேயே செய்திருந்தது.

ஆடை அல்லாத பல பொருள்களுக்கு மதிப்பு அடிப்படையிலான விதி இருக்கிறது. இங்கே கணக்கிடும் முறைதான் ஆளை விழுங்கும். ஆலை வாசல் விலை 100 டாலர் உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் வெளிநாட்டு உள்ளீடு 70 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. உள்ளீட்டை விற்ற துறைமுகத்தில் அதன் விலை 66 டாலர். கடலோர நாட்டுக்கு அது வந்துசேர 2 டாலர் செலவு, மொத்தம் 68, தேறிவிடும். கடல் இல்லாத நாட்டுக்கு வந்துசேர 8 டாலர், மொத்தம் 74, தேறாது. இரண்டு நாடுகளிலும் தொழிலாளர் செய்த வேலை ஒன்றே. தொலைவில் இருப்பதற்காக ஏற்கெனவே அதிகச் செலவு செய்த நாடு, அதே காரணத்துக்காகச் சலுகையையும் இழக்கிறது. பட்டியலில் உள்ள 44 நாடுகளில் 16 கடல் இல்லாதவை. உலக வர்த்தக அமைப்பின் 2015 நைரோபி மாநாட்டு முடிவு இந்தப் போக்குவரத்து, காப்பீட்டுச் செலவைக் கழித்துக்கொள்ளவும், வெளிநாட்டு உள்ளீட்டை 75 சதவீதம் வரை அனுமதிக்கவும் பரிசீலிக்கச் சொன்னது. 'பரிசீலிக்க' என்ற அளவில் நின்றதால் நடைமுறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பேச்சுவார்த்தை நேரத்தைச் செலவிட உகந்த இடம் இதுதான்.

இன்னொரு பொறி, நேரடி அனுப்புதல் விதி. கடல் இல்லாத உகாண்டாவின் சரக்கில் பெரும்பகுதி கென்யாவின் மொம்பாசா துறைமுகம் வழியாகத்தான் போகிறது. வழியில் வேறொரு நாட்டில் கப்பல் மாறினால், அங்கே யாரும் பெட்டியைத் திறக்கவில்லை என்பதற்கு அந்நாட்டுச் சுங்கத்தின் சான்றோ, புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம்வரை ஒரே பில் ஆஃப் லேடிங்கோ (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) சில நாடுகள் கேட்கின்றன. சிறு ஏற்றுமதியாளரால் இதை வாங்க முடிவதில்லை. சரக்கு தகுதியானதாக இருந்தும் முழு வரி விழுகிறது. ஐரோப்பா இதைத் தளர்த்தி, ஐயம் எழுந்தால் மட்டும் ஆதாரம் கேட்கும் முறைக்கு வந்துவிட்டது. சான்றிதழிலும் அப்படியே: அரசு அலுவலகத்தில் முத்திரை வாங்கும் படிவத்துக்குப் பதிலாக, பதிவு செய்த ஏற்றுமதியாளர் தானே இன்வாய்ஸில் உறுதிமொழி எழுதும் முறையை 2017 முதல் நடைமுறைப்படுத்தியது. 6,000 யூரோவுக்கு உட்பட்ட சரக்குக்குப் பதிவுகூட வேண்டாம். பிறரிடம் கேட்கும்போது இதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

பக்கத்து நாட்டு உதிரிபாகத்தையும் உள்நாட்டு உள்ளீடாக எண்ணிக்கொள்ளும் 'கூட்டுப் பிறப்பிடம்' என்ற வசதியும் உண்டு. அதை நம்பும்போது பக்கத்து நாட்டின் நிலையையும் கவனிக்க வேண்டும். கம்போடியாவின் சைக்கிள் தொழில் மலேசிய பாகங்களை அப்படிச் சேர்த்துக்கொண்டிருந்தது. 2014-இல் மலேசியா ஐரோப்பியச் சலுகைத் திட்டத்திலிருந்து வெளியேறியதும் அந்தக் கணக்கு உடைந்தது. தனியாக மனுச் செய்து தற்காலிக விலக்கு வாங்க வேண்டியதாயிற்று.

எல்லையும் துறைமுகமும்

வரியும் விதியும் கொடுப்பவர் கையில் இருக்க, எல்லை தன் கையில் இருக்கிறது. இங்கே செய்த சீர்திருத்தத்தை எந்த வெளிநாட்டுச் சட்டமன்றமும் பறிக்க முடியாது. செம்பும் பாக்சைட்டும் மட்டும் விற்கும் நாட்டுக்கும் பயன்படும். இறக்குமதி உள்ளீடும் மலிவாகும். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. முழுமையாக நிறைவேற்றினால் வர்த்தகச் செலவு சராசரியாக 14.3 சதவீதம் குறையலாம் என்று அந்த அமைப்பின் 2015 அறிக்கை மதிப்பிட்டது. எந்த ஆடைச் சலுகையோடும் ஒப்பிடக்கூடிய அளவு இது.

இந்த ஒப்பந்தத்தில் ஏழை நாடுகளுக்கு ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. எதை உடனே செய்வோம், எதற்குக் காலம் வேண்டும், எதற்குக் காலமும் உதவியும் வேண்டும் என்று அவர்களே ஏ, பி, சி எனப் பிரித்து அறிவிக்கலாம். சி பிரிவில் போட்டதற்கு உதவி கிடைக்காவிட்டால் நிறைவேற்றும் கடமையும் தள்ளிப்போகும். ஆனால் எல்லாவற்றையும் சி-யில் போடுவது புத்திசாலித்தனமன்று. கட்டண அட்டவணையை வெளியிடுவது, சரக்கு வருமுன்பே ஆவணங்களை வாங்கிச் சரிபார்ப்பது, எச்.எஸ். குறியீடு பற்றி முன்கூட்டியே எழுத்தில் தீர்ப்புத் தருவது ஆகியவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. எல்லாத் துறைகளுக்குமான ஆவணங்களை ஒரே இடத்தில் கொடுக்கும் ஒற்றைச் சாளரக் கணினி அமைப்புக்குத்தான் பணம் வேண்டும். அதிகம் தோற்பதும் அதுதான்: சுங்கத்துறை மட்டும் கணினிக்கு மாறுகிறது, வேளாண்துறையும் தரக்கட்டுப்பாட்டுத் துறையும் மாறுவதில்லை. இறக்குமதியாளர் கணினியில் ஒருமுறை நிரப்பிவிட்டு, அதையே அச்செடுத்து நான்கு மேசைகளுக்கு எடுத்துச் செல்கிறார். வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. முதலில் நடைமுறைப் படிகளை வெட்டிவிட்டு, மிஞ்சியதைத்தான் கணினியில் ஏற்ற வேண்டும்.

எல்லை இரண்டு நாட்டுக்கும் பொது என்பதால் ஒரு பக்கம் மட்டும் திருந்தினால் லாரி மறுபக்கத்தில் நிற்கும். ஜாம்பியா, ஜிம்பாப்வே இடையே சிருந்துவில் 2009 டிசம்பரில் ஒற்றை நிறுத்த எல்லைச் சாவடி திறந்தார்கள். இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் உட்கார்ந்து ஒரே முறை சோதிக்கிறார்கள். இதற்குக் கட்டடத்தைவிட முக்கியம், ஒரு நாட்டு அதிகாரி மற்ற நாட்டு மண்ணில் அதிகாரம் செலுத்த அனுமதிக்கும் சட்டம். சட்டம் இல்லாமல் கட்டடம் மட்டும் எழுந்தால் அது வீணாகவே நிற்கும்.

தரச் சோதனை: உழவருக்கு இதுதான் வாசல்

நிலக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். நேரடியாக உண்ணும் கடலையில், பூஞ்சை உண்டாக்கும் நச்சான அஃப்ளடாக்சின் மொத்தம் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். அதில் பி1 வகை 2-க்கு மேல் இருக்கக்கூடாது. மலாவி, காம்பியா, செனகல் நாடுகளுக்கு அங்கே வரி பூஜ்யம்தான். ஆனால் கொள்கலன் திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பூஜ்யத்தால் என்ன பயன்?

இந்த நச்சு சரக்கு முழுவதும் சீராகப் பரவுவதில்லை. சில பருப்புகளில் மிக அதிகமாக இருக்கும், பக்கத்தில் உள்ளவை சுத்தமாக இருக்கும். அதனால் ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்துத் தேறிவிட்டது என்று ஏற்றினால், பெரிய சரக்கில் நூறு இடங்களில் எடுத்து 20 கிலோ மாதிரி சேர்க்கும் இறக்குமதித் துறைமுகத்தில் தோற்கும். புறப்படும் நாட்டிலும் அதே முறையில் மாதிரி எடுக்கப் பயிற்சி தருவது விலை உயர்ந்த கருவி வாங்குவதைவிட முந்திய வேலை. அதற்கும் முந்தியது வயலிலும் கிடங்கிலும் இருக்கிறது: அறுவடைக்குப் பின் விரைவாக உலர்த்துவது, தார்ப்பாய் விரிப்பு, உரிக்கும்போது கடலையைத் தண்ணீரில் நனைக்காமல் இருப்பது. கையால் எளிதாக உரிப்பதற்காக நனைக்கும் பழக்கமே பூஞ்சைக்குக் கதவு திறக்கிறது.

ஆய்வகத் திட்டங்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கருவிக்கு உதவிப் பணம் வருகிறது. கருவியின் அளவைச் சரிபார்க்கும் மாதிரிப்பொருள், வேதிப்பொருள், தடையற்ற மின்சாரம், பராமரிப்பு, ஐ.எஸ்.ஓ. 17025 எனும் சர்வதேச ஆய்வகத் தர அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் கட்டணம் ஆகியவற்றுக்கு வரவு செலவில் இடமில்லை. பயிற்சி பெற்றவர் நல்ல சம்பளத்துக்கு வேறு இடம் போய்விடுகிறார். அங்கீகாரம் காலாவதியான ஆய்வகத்தின் சான்றை எவரும் ஏற்பதில்லை. ஆண்டுச் செலவுக்கு வழி தெரியாத ஆய்வகத்தைக் கட்டாதீர்கள். பக்கத்து நாடுகளோடு சேர்ந்து ஒன்றை நடத்துங்கள், அல்லது மாதிரியை அனுப்பிச் சோதியுங்கள். 2004 முதல் இயங்கும் தர, வர்த்தக மேம்பாட்டு நிதி என்ற கூட்டு அமைப்பு, திட்டம் வகுக்கவே சிறு மானியம் தருகிறது. முதலில் அதைக் கேட்பது நல்லது.

சரியாகச் செய்தால் பலன் நிலைக்கும். விக்டோரியா ஏரி மீனுக்கு ஐரோப்பா 1997 முதல் அடுத்தடுத்துத் தடைகள் விதித்தது. உகாண்டா சிதறிக்கிடந்த ஆய்வுப் பொறுப்பை மீன்வளத் துறையின் கீழ் ஒன்றாக்கி, கரையிறக்கும் இடங்களையும் பதப்படுத்தும் ஆலைகளையும் சீர்படுத்தி, 2000-இல் மீண்டும் உள்ளே போனது. சர்வதேச அழுத்தம் இல்லாமல் அது அவ்வளவு வேகமாக நடந்திருக்காது என்றாலும், செய்து முடித்தது உகாண்டாதான்.

வழக்கும் பேச்சுவார்த்தையும்

பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி நான்கும் 2003-இல் பணக்கார நாடுகளின் பருத்தி மானியத்தை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் குரல் எழுப்பின. அதே மானியத்துக்கு எதிராக பிரேசில் வழக்குப் போட்டு வென்றது. 2014-இல் 30 கோடி டாலர் பெற்றுக்கொண்டு முடித்துக்கொண்டது. மேற்கு ஆப்பிரிக்க உழவருக்கு அதில் ஒன்றும் இல்லை. பதிலடி வரி விதிக்கும் வலிமை பிரேசிலுக்கு இருந்தது, மாலிக்கு இல்லை. இந்த அநீதியை மென்று விழுங்கத் தேவையில்லை, ஆனால் இதையே முதன்மை வழியாக வைத்துக் காத்திருக்கவும் கூடாது.

எதிராளி பெரிய நாடாக இருந்தாலும், பிரச்சினை குறுகியதாக இருந்தால் வழக்கு உதவும். தன் பேட்டரிகளுக்கு இந்தியா விதித்த பொருள்குவிப்புத் தடுப்பு வரியை (மிகக் குறைந்த விலையில் கொண்டுவந்து குவிப்பதாகச் சொல்லி விதிக்கும் கூடுதல் வரி) எதிர்த்து வங்கதேசம் 2004-இல் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. நடுவர் குழு விசாரணைக்குப் போகாமலே வரி நீக்கப்பட்டது. ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தகச் சட்ட ஆலோசனை மையம் வளர்ச்சி குன்றிய நாடுகளுக்குச் சட்ட ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. ஆவணம் தயாராக இருந்தால் அதிகச் செலவில்லை.

எந்த நாட்டுக்கு எது முதலில்

கனிமமும் எண்ணெயும் விற்கும் நாடு வரிச்சலுகையை விட்டுவிட்டு எல்லை, துறைமுகம், மின்சாரம் என்று போகட்டும். வேளாண் பொருள் விற்கும் நாடு தரத்தில் தொடங்கி எல்லைக்கு வரட்டும். ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கண்டச் சுதந்திர வர்த்தகப் பகுதியும் ஒரு வாய்ப்பு. 2021-இல் வர்த்தகம் தொடங்கிய அதில் ஏழை உறுப்பினர்களுக்கு 90 சதவீத இனங்களின் வரியை நீக்கப் பத்தாண்டு அவகாசம் உண்டு. பதப்படுத்திய உணவு, சோப்பு, சிமென்ட் போன்றவை அக்கம்பக்கத்தில்தான் முதலில் விலைபோகும் என்பதால் கூட்டு எல்லைச் சாவடிகளுக்கான பணம் அங்கேயும் பலன் தரும்.

ஆடை விற்கும் நாட்டுக்கு மட்டும் வரிசை தலைகீழ்: சலுகையைக் காப்பதும் பிறப்பிட விதியும் முதலில். அத்தகைய நாடுகளில் சில இன்று கெடுவோடு ஓடுகின்றன. வங்கதேசம், நேபாளம், லாவோஸ் மூன்றும் 2026 நவம்பர் 24 அன்று பட்டியலிலிருந்து வெளியேறும் என்று ஐ.நா. பொதுச்சபை நாள் குறித்தது. வெளியேறிய பின்னும் ஐரோப்பா மூன்றாண்டு பழைய சலுகையைத் தொடரும். அதன்பின் அடுத்த படிநிலைச் சலுகை கிடைத்தாலும், ஆடைக்கு இரண்டு கட்ட மாற்ற விதி திரும்பி வருகிறது. வங்கதேசத்தின் பின்னலாடைக்கு நூலும் துணியும் பெரும்பாலும் உள்நாட்டிலேயே கிடைப்பதால் அது தாங்கும். நெய்த துணியில் தைக்கும் சட்டை, காற்சட்டை ஆலைகள் துணியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கின்றன. பூஜ்ய வரி வேண்டுமென்றால் அவற்றுக்கு உள்நாட்டு நெசவும் சாயமிடலும் வேண்டும். அத்தகைய ஆலைக்கு நிலம், எரிவாயு இணைப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்துவர இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அந்த மூன்றாண்டு அவகாசத்துக்குள் துணி வெளிவர வேண்டுமானால், கடனும் எரிவாயு இணைப்பும் நாடு பட்டியலில் இருக்கும்போதே உறுதியாகியிருக்க வேண்டும்.